சித்தியை வெயிலுக்கு ஒளித்த பதினோரு நாட்கள்

பேய்க்குப் பயந்திருப்பீர்கள். இடிக்குப் பயந்திருப்பீர்கள். கணக்கு வாத்தியாருக்குப் பயந்திருப்பீர்கள். நம் வயதுக்காரர்களில் யாராவது வெயிலுக்குப் பயந்ததுண்டா? நான் பயந்திருக்கிறேன். கறுத்துப் போவோம், மயக்கம் வரும் என்கிற பயமில்லை, உயிர்ப் பயம். எனக்குப் பத்து வயது. மனிதன் நிலவில் கால் வைப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பதினோரு நாள் நாங்கள் சூரியனுக்குப் பயந்து வாழ்ந்தோம். இப்போது கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் மகன் வீட்டுப் பின்பக்கம் துணி காயப் போடும்போது பன்னிரண்டு மணி வெயில் முழங்கையில் சுள்ளென்று பட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சித்திதான்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயமாக இருந்தால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான்.

குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அன்று ஒரே நீளக் கூரையின்கீழ் பத்து வீடுகள். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி, பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். ரயில் போனால் அலமாரியில் மங்குக் கோப்பைகள் கிணுகிணுக்கும். வெளுத்துக் காயப் போட்ட துணியை எடுக்கும்போது கரித்தூள் படிந்திருக்கும். அம்மா அதை உதறிக்கொண்டே ரயிலைத் திட்டுவாள். அந்த ரயில்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்பது வேறு விஷயம்.

அப்பா டெப்போவில் பிட்டர். எங்கள் வரிசையில் தமிழ்ப் பேப்பரைத் தடுமாறாமல் படிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். நாலைந்து பேர் கைமாறிய பேப்பரைச் சாயங்காலம் கொண்டு வருவார். குளித்து, தேநீர் குடித்து, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வரிசையே கூடிவிடும். பிள்ளைகள் சிமெண்டுத் தரையில், பெண்கள் கதவுநிலையில், ஆண்கள் சைக்கிளைப் பிடித்தபடி. அவர் வெறுமனே படிக்க மாட்டார். குரலை ஏற்றி இறக்கி, நடுநடுவே விளக்கம் சொல்லி, தேவைப்பட்ட இடத்தில் பெருமூச்சும் விடுவார்.

"அண்ணன் சொன்னா பேப்பரே சொன்ன மாதிரி" என்பார் கோடி வீட்டு அக்கா.

"இவரு டெப்போவுக்குப் போறதே பேப்பர் எடுத்துட்டு வரத்தான் லா" என்று அம்மா கிண்டல் செய்வாள். அப்பாவுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருக்கும்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, கப்பல் வந்துவிட்டால் நாள்கணக்கில் வீடு தங்க மாட்டார். அதனால் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் பிறந்ததுமே அம்மா சித்தியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திக்கு அதற்கு முன் இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது. இரண்டாவது முறை, அதற்கு ஒரு வாரம் முன்பு சூரிய கிரகணம். மழை தூறுகிறதே என்று சித்தி கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே ஓடியிருக்கிறாள். "அதான்" என்று ஊர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சித்தி அதை நம்பினாளா என்று தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். சத்தமாகச் சொன்னால் யாரோ கேட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தவள் மாதிரி.

மற்றபடி எங்கள் வீட்டுக்குச் சிரிப்பைக் கொண்டு வந்தவளே அவள்தான். வானொலியில் பாட்டு வந்தால் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கூடவே பாடுவாள். பச்சை மாங்காயை உப்பு தொட்டுத் தின்று ஒரு கண்ணைச் சுருக்கிக் காட்டுவாள். என்னைப் "பெரிய மனுசி" என்றுதான் கூப்பிடுவாள். "ஏய் பெரிய மனுசி, இங்க கை வை, எப்படி உதைக்குதுன்னு பாரு" என்று வயிற்றின்மேல் என் உள்ளங்கையை இழுத்து வைப்பாள். உள்ளே ஒன்று புரளும். எனக்குச் சிலிர்த்துப் போகும்.

அந்த வியாழக்கிழமை பள்ளியில் டீச்சர், நாளைக்கு எல்லாரும் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும், போடாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நமக்கெல்லாம் அட்டை என்றால் பழைய பேப்பர்தானே. வீட்டில் அலமாரிமேல் பழைய பேப்பர் அடுக்கு இருக்கும். அப்பா குளிக்கப் போயிருந்தார். நான் நாற்காலியில் ஏறி, மேலாக இருந்த பேப்பரின் நடுத்தாளை மட்டும் உருவிக்கொண்டேன். நடுத்தாள் என்றால் கிழியாமல் இருக்கும். பூகோள நோட்டுக்கு அட்டை போட்டு, ஓரத்தை நகத்தால் நீவிப் பைக்குள் வைத்தேன். மேலாக இருந்தது அன்றைய பேப்பர் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அப்பா முதல் பக்கத்தில் இருந்த படத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறக்கைகள், நீளமாகக் கம்பிகள். ஆகாயத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். பூமியைச் சுற்றுமாம். பூமிக்குள் இருக்கிற காந்த சக்தியை அளக்குமாம். சூரியனிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கோடி கோடியாகப் புறப்பட்டுப் பயங்கர வேகத்தில் பூமியை நோக்கி வருகின்றனவாம். அந்தப் பெட்டி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் கீழே செய்தி அனுப்புமாம்.

"கண்ணுக்குத் தெரியாதா அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியாது. சுவத்தையே துளைச்சிட்டுப் போகுமாம்" என்றார் அப்பா. அது பேப்பரில் இருந்ததா, அவர் சேர்த்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு, "தொடர்ச்சி ஆறாம் பக்கம்" என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நாலாம் பக்கத்துக்கு அடுத்தது ஒன்பதாம் பக்கமாக இருந்தது. இன்னொரு தடவை திருப்பினார். கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார். வரிசையே வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை, "பக்கத்தைக் காணோம்" என்று சொல்லியிருக்கலாம். அப்பா பேப்பரை மடித்தார். தொண்டையைச் செருமினார்.

"அவ்வளவுதான். எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும்னு போட்டிருக்கான். முக்கியமா பிள்ளைத்தாய்ச்சிங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஏன் சேர்த்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கதவுநிலையில் உட்கார்ந்திருந்த சித்தியின்மேல் அவர் கண் பட்டிருக்க வேண்டும். அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

சித்தி முதலில் சிரித்தாள். "ஏன் மாமா, சூரியன் கிள்ளான்ல இருந்து என்னைத் தேடிக்கிட்டே வருதா?"

யாரும் சிரிக்கவில்லை. கோடி வீட்டு அக்கா எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். "கிரகணத்துக்கே உள்ள வெக்கிறோம். ரெண்டு நாழி கிரகணம். அதுக்கே போன தடவை என்ன ஆச்சு? இது அதைவிடப் பெருசுல்ல?"

சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அம்மா அன்றிரவே பின் அறையைக் காலி செய்தாள்.

கிரகணத்துக்கு என்ன செய்வோமோ அதெல்லாம் செய்தார்கள். ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு, அதன்மேல் போர்வை. கதவிடுக்கில் பழைய சேலை. கோயிலில் வாங்கி வந்த தர்ப்பையைத் தண்ணீர்ச் செம்பிலும் ஊறுகாய் ஜாடியிலும் போட்டார்கள். கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் சித்தி தொடக் கூடாது. வெளிச்சம் வருமுன் சாப்பிட்டுவிட வேண்டும், பிறகு இருட்டிய பின்தான் சோறு. கிரகணமாக இருந்தால் பஞ்சாங்கத்தில் விடுகிற நேரம் போட்டிருப்பான். இதற்கு விடுகிற நேரமே கிடையாது. அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"அந்தப் பெட்டி எண்ணி முடிக்கிற வரைக்கும்" என்றார் அப்பா.

எண்ணி முடிக்கிற வரைக்கும். அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஓர் அலாரம் கடிகாரம் இருந்தது, ஒரு கால் உடைந்து தீப்பெட்டிமேல் சாய்ந்து நிற்கும். அதன் டிக் டிக் சத்தம் கேட்டாலே மேலே அது எண்ணுகிறது என்று தோன்றும். பள்ளிக்குப் போகும்போது கடைகளின் நிழலை ஒட்டி நடந்தேன். நிழல் இல்லாத இடத்தில் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். கையில் வெயில் பட்ட இடத்தைத் தேய்த்துப் பார்ப்பேன், துளை விழுந்திருக்கிறதா என்று. கச்சாங் பூத்தே கடலை விற்பவர் வழக்கம்போல் தலையில் பலகையைச் சுமந்து நட்டநடு வெயிலில் நின்றார். அவர் சாகப் போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தால் பின் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சித்திக்குப் பேச்சுத் துணையாக இருப்பது என் வேலை. அந்தக் கூரையின்கீழ் பகல் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவிடுக்கு வழியாக வியர்வையும் விபூதியும் கலந்த வாசனை வரும். முதல் இரண்டு நாள் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுபோயிற்று.

"தலை வலிக்குது பெரிய மனுசி. பின்மண்டையில யாரோ சம்மட்டி வெச்சு அடிக்கிற மாதிரி."

செவ்வாய்க்கிழமை சித்தி இன்னொன்று சொன்னாள். "கண்ணை மூடினாலும் பொறி பொறியாப் பறக்குது. வெள்ளையா, சின்னச் சின்னதா."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கோடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். சித்தி கண்ட பொறிகள்தான் அந்தத் துகள்கள், எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டன என்று முடிவு செய்தார்கள். இன்னும் இரண்டு போர்வை கொண்டு வந்து ஜன்னலில் அடித்தார்கள். ஆணி அடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் சித்தி உள்ளே முனகினாள். அன்றுதான் சித்தி கிளினிக்குக்குப் போய் நர்ஸ் மிஸ்ஸியிடம் பிரஷர் பார்க்க வேண்டிய நாள். கிளினிக் பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை. பூகோளப் பாடம். டீச்சர் கரும்பலகையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். என் கண் நோட்டின் பின்னட்டையில் போய் நின்றது. "முதல் பக்கத் தொடர்ச்சி" என்று இருந்தது. கீழே அந்தப் பெட்டியின் பெயர்.

அட்டையின் மடிப்புக்குள் கடைசி வரிகள் போயிருந்தன. மேசைக்கடியில் நோட்டை வைத்து மடிப்பைப் பிரித்தேன். பூமியின் காந்த சக்தி பூமியைச் சுற்றி ஒரு குடைபோல விரிந்திருக்கிறது, சூரியனிலிருந்து வரும் துகள்களைத் திருப்பி விடுகிறது, மிஞ்சி வருவதைக் காற்று தடுத்துவிடுகிறது, தரையில் இருக்கும் மனிதர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அந்தக் குடை எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பெட்டியையே அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைத்தாய்ச்சி என்ற சொல்லே இல்லை.

ஒரு நிமிடம் எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், சித்தியை வெளியே கொண்டு வர வேண்டும். அடுத்த நிமிடமே இன்னொன்று தோன்றியது. இதை நான் எங்கே பார்த்தேன் என்று கேட்பார்கள். அன்றைய பேப்பரை உருவியது யார் என்று கேட்பார்கள். அப்பாவின் பேப்பரைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ரோத்தான் பிரம்பு தொங்கியது. அந்த வருடம் அது என்மேல் இரண்டு தடவை விழுந்திருந்தது. ஒன்றின் தழும்பு அப்போதும் கெண்டைக்காலில் இருந்தது.

மடிப்பைப் பழையபடி நீவி வைத்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மறுநாள் மத்தியானம் மிஸ்ஸியே சைக்கிளில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, முன் கூடையில் தோல்பை. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேட்டார். "என்னக்கா, தங்கச்சி செவ்வாய்க்கிழமை வரலியே? கால் வீக்கம் வேற இருந்துச்சு. நான் பாக்கணும்."

அம்மா முந்தானையைச் சுருட்டியபடி, "அவ கிள்ளானுக்குப் போயிட்டா மிஸ்ஸி. வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

அம்மா பொய் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவள் பயம் அவளுக்கு. மிஸ்ஸி உள்ளே வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவார் என்ற பயம். மிஸ்ஸி அம்மாவை நம்பவில்லை என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"அப்படியா பாப்பா? சித்தி ஊருக்குப் போயிட்டாங்களா?"

பின் அறையில் சித்தி படுத்திருக்கிறாள். பத்து அடி தூரம். எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் போதும். "ஆமா மிஸ்ஸி" என்றேன்.

மிஸ்ஸி உள்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு சித்தி வெளியே வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் உப்பி, கண் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. கண்ணாடி வளையல்கள் கைச்சதையில் புதைந்திருந்தன. சோற்றைப் பார்த்ததும் குமட்டினாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், அந்தச் சிரிப்பும் வேறு யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது. அன்று நான் தூங்கவில்லை. சனிக்கிழமை அப்பா அரைநாள் வேலை முடிந்து வந்ததும் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா நின்றபடியே படித்தார். மடிப்பைப் பிரித்துக் கடைசி வரிவரை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் கதவுக்குப் பின்னால் தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற யாருகிட்டயாவது காட்டினியா?"

"இல்லப்பா."

நோட்டிலிருந்து அட்டையைக் கழற்றினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ சும்மா இரு" என்றார். அடிக்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் வரிசை கூடியது. அப்பா பேப்பர் படித்தார். ரப்பர் விலை, பந்தாட்டம், எங்கோ வெள்ளம். இதோ சொல்லப் போகிறார் என்று ஒவ்வொரு செய்திக்கும் காத்திருந்தேன். பேப்பரை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை அம்மாவிடம் ஆரம்பித்தார். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடலாமா? காத்தாவது வரட்டும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானே படிச்சீங்க? ரெண்டு பிள்ளை போனவ அவ. இதுவும் போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று வெளியே போய் சைக்கிளைத் துடைத்தார். பத்து வீட்டு ஆட்கள் முன்னால், தான் இட்டுக்கட்டிச் சொன்னதாகச் சொல்வதற்கு அவருக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நாள் எங்களிடம் இல்லை.

திங்கட்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது மணி ஒன்று. அம்மா குழாயடியில் இருந்தாள். பின் அறையில் ஏதோ தடதடவென்று அடிக்கிற சத்தம். ரயில் என்று நினைத்தேன். ரயில் இல்லை. இடுக்கில் இருந்த சேலையை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். இருட்டில் சித்தியின் குதிகால்கள் பலகைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. பல் கிட்டி, வாயோரம் நுரை. வெளியே வந்த என் குரல் என் குரலாகவே இல்லை.

அம்மா வந்தாள், கோடி வீட்டு அக்கா வந்தார். அக்கா சாவிக்கொத்தைக் கொண்டு வந்து சித்தியின் உள்ளங்கையில் திணித்தார். "கதவைச் சாத்து, கதவைச் சாத்து, வெளிச்சம் படுது" என்றார். அம்மா கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் நான் ஓடினேன். குடை இல்லை, பை இல்லை, செருப்பும் இல்லை. தார் ரோடு காலைப் பொசுக்கியது. தலைமேல் நேராகச் சூரியன். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. ஆறாம் பக்கத்தைப் படித்தவள்தான், இருந்தாலும் ஓடும்போது அது பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. முதுகில் ஒவ்வொரு துகளும் குத்துவது மாதிரி இருந்தது. கிளினிக் வாசலில் மிஸ்ஸியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி வீட்டுலதான் இருக்காங்க" என்று சொன்னேன். மிஸ்ஸி தோல்பையை எடுத்துக்கொண்டார். என்னைச் சைக்கிளின் பின்னால் தூக்கி வைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போர்வைகளை ஆணியோடு பிய்த்தெறிந்தார். பதினோரு நாளுக்குப் பிறகு அந்த அறையில் வெயில் விழுந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்து மிஸ்ஸி, "கடவுளே" என்று மட்டும் சொன்னார். காய்கறி லோரி தெருமுனையில் நின்றிருந்தது. அதைக் கொண்டு வரச் சொன்னார். ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு வரிசைப் பெண்கள் நின்றார்கள்.

"இந்த வெயில்லயா? வேணாம் மிஸ்ஸி. இருட்டினதும் கொண்டு போகலாம்."

டெப்போவிலிருந்து அப்பா ஓடி வந்திருந்தார். மிஸ்ஸி அவரைப் பார்த்துக் கத்தினார். "இருட்டுற வரைக்கும் இவங்க இருக்க மாட்டாங்க. உங்க பேச்சைத்தானே கேக்குறாங்க, சொல்லுங்க அண்ணே."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு அந்தக் கையாலேயே ஒரு போர்வையை எடுத்துச் சித்தியின் முகத்தை மூடினார். அப்படியே தூக்கிக்கொண்டு போய் லோரியில் கிடத்தினார்.

சித்தி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. எங்கள் வரிசையில் அன்று சாயங்காலமே காரணம் முடிவாகிவிட்டது. வெயிலில் தூக்கிக்கொண்டு போனார்கள், அதான். மிஸ்ஸி வந்தால் கதவைச் சாத்தினார்கள். கோடி வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "சின்னப் பிள்ளை, தெரியாமப் போய்க் கூட்டிட்டு வந்துருச்சு" என்று எனக்கே பரிந்து பேசினார். அப்பா இத்தனையும் கேட்டுக்கொண்டு இருந்தார். கண் வலிக்கிறது என்று சொல்லிப் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். கிள்ளானுக்குப் போகுமுன் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். பகலில் பின்வாசல் படியில், நல்ல வெயிலில், தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா உள்ளே வரச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீதான் போய் மிஸ்ஸியக் கூட்டிட்டு வந்தியாமே?"

"ஆமா சித்தி." திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"டாக்டர் சொன்னாரு, இது பிரஷர் ஏறி வந்த வலிப்பாம், நாலு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிள்ளையும் பிழைச்சிருக்கும்னு. வியாழக்கிழமை மிஸ்ஸி வந்தாங்கள்ல? எனக்குக் குரல் கேட்டுச்சு. கூப்பிடலாம்னு பாத்தேன். கதவு திறந்தா வெளிச்சம் பட்டுடும்னு பயம், கப்சிப்னு கிடந்துட்டேன்." என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் உள்ள கிடந்தேன் பெரிய மனுசி. நீ வெளியதானே நின்ன. நீ ஏண்டி சொல்லல?"

அப்பா அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை வாயருகே அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். ஒரு பெரிய மனிதர் ஒரு சின்னப் பிள்ளையைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். "தெரியல சித்தி" என்றேன். சித்தி தாடையை விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அப்பா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. சித்தி போன வருடம் கிள்ளானில் போய்ச் சேர்ந்தாள். கடைசி மாதம் முழுக்க அவள் கட்டிலருகே நான்தான் உட்கார்ந்திருந்தேன், சொல்வதற்கு எத்தனையோ நாள் கிடைத்தது. அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. நீ ஏண்டி சொல்லல என்று கேட்டாயே சித்தி. எனக்குப் புதன்கிழமையே தெரியும். அடி விழும் என்று பயந்தேன்.